மருத்துவ அறிஞர் சுப்பாராவ்

திருப்பதியிலும் சித்தூரிலும் வெயிலுக்குக் குறைவில்லை. பங்குனி பிறந்துவிட்டால் நண்பகலில் வெறுங்காலோடு தெருவில் நடக்க இயலாது. சூரிய ஒளி தோலில் படும்போது உடல் தானே உருவாக்கிக்கொள்ளும் சத்து வைட்டமின் டி. அவ்வாறிருக்க, திருப்பதியிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழ்வோரின் குருதியை மருத்துவ ஆய்வாளர்கள் சோதித்தபோது, நலமாக இருப்பதாகக் கருதப்பட்ட பலரிடம் அச்சத்துக் குறைந்திருந்தது. வயலில் உழைப்போரைவிட நகரில் வாழ்வோரிடம் இக்குறை மிகுதியாகக் காணப்பட்டது. 2007ஆம் ஆண்டு வெளிவந்த அவ்வாய்வில் வைட்டமின் டி மட்டுமன்றி, குருதியிலுள்ள கால்சியமும் பாஸ்பரசும் அளக்கப்பட்டன. குருதியில் பாஸ்பரசை அளப்பதற்கு உலக மருத்துவர்களுக்கு நல்வழி காட்டிய இருவருள் ஒருவர், ஆந்திர மண்ணில் பிறந்து சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

அவர் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் பீமவரத்தில் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. குடும்பத்தில் வறுமை நிலவியது. பதின்மூன்று வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்று எண்ணி வீட்டைவிட்டு ஓடினார். தாயார் அவரைத் தடுத்து மீட்டுவந்து மீண்டும் பள்ளியில் சேர்த்தார். பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தோல்வியுற்ற சுப்பாராவ், மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார்.

அக்காலத்தில் பீமவரம், சித்தூர், திருப்பதி ஆகிய ஊர்கள் யாவும் சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்தன. மேற்படிப்பை நாடிய தெலுங்கு இளைஞர் பலர் சென்னைக்கு வந்தனர். சுப்பாராவும் மாநிலக் கல்லூரியில் பயின்றார். துறவியாகி இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார், தாயார் இசையவில்லை. மருத்துவம் கற்றுப் பிறர்க்கு உதவலாம் என முடிவு செய்து சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவை மருத்துவப் பயிற்சிக்கும் கதராடையே அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியர் அதனை விரும்பவில்லை. எழுத்துத் தேர்வை நன்கு எழுதியும், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு மாறாக எல்.எம்.எஸ். என்னும் தாழ்ந்த தகுதியே அவருக்குக் கிடைத்தது. அந்த ஆடை அவருக்குப் பெரும் விலையைக் கேட்டது.

அவ்வாண்டுகளில் அவருடைய உடன்பிறந்தார் இருவர் அடுத்தடுத்து இறந்தனர். உண்ட உணவின் சத்தைக் குடல் ஏற்காமல் உடல் நாளுக்குநாள் மெலியும் ஸ்ப்ரூ என்னும் நோய் அவர்களைக் கொண்டுசென்றது. மருத்துவராயிருந்தும் சுப்பாராவிடம் அதற்கு மருந்து இல்லை.

மாமனார் அளித்த பொருளையும் அறநிலையம் ஒன்றின் உதவியையும் கொண்டு பாஸ்டன் நகரை அடைந்து, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பகலில் பயின்றார், இரவில் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் கழிகலன்களைத் துப்புரவு செய்து செலவுக்குப் பொருள் தேடினார்.

அந்நாளில் அமெரிக்கக் குழந்தைகள் பலரை ரிக்கட்ஸ் என்னும் எலும்பு நோய் வருத்தியது. கால்கள் வில்போல் வளையும், மணிக்கட்டு புடைக்கும், பற்கள் காலந்தாழ்ந்து முளைக்கும், தசைகள் வலுவிழக்கும். வைட்டமின் டி குறைந்தால், உணவிலுள்ள கால்சியத்தையும் பாஸ்பரசையும் குடல் போதிய அளவு ஏற்பதில்லை. அவ்விரண்டும் இன்றி எலும்பு உறுதிபெறாது. நலமுள்ள குழந்தையின் 100 மில்லிலிட்டர் குருதிநீரில் ஏறத்தாழ 5 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்கும். ரிக்கட்ஸ் கண்ட குழந்தைக்கு அது 3 மில்லிகிராமுக்கும் கீழே இறங்குவதுண்டு. ஆகவே பாஸ்பரசைச் சரியாக அளந்தால், கால்கள் பெரிதும் வளையுமுன்னரே நோயை ஐயுற இடமுண்டு. ஆனால் அன்றிருந்த அளவை முறைகளில் நிறம் விரைவில் மங்குதல் போன்ற குறைகள் இருந்தன.

சுப்பாராவும் அவருடைய பேராசிரியர் சைரஸ் பிஸ்கேயும் 1925ஆம் ஆண்டில் புதிய முறையொன்றை வெளியிட்டனர். புரதம் நீக்கிய குருதிநீரோடு மாலிப்டேட் கரைசலையும் வேறொரு வேதிப்பொருளையும் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். பாஸ்பரஸ் மிகுந்தால் நீலம் அடர்ந்திருக்கும், குறைந்தால் வெளிறியிருக்கும். நிறத்தின் ஆழத்தை ஒப்பிட்டு அளவைக் கணக்கிடலாம். இது பார்வைக்கு எளிய செயல்தான். ஆயினும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் இதனைக் கைக்கொண்டன. அம்முறையைக் கொண்டே தசைகளை ஆராய்ந்து, அவற்றின் ஆற்றலுக்குத் துணைநிற்கும் பாஸ்போகிரியேட்டின், ஏ.டி.பி. ஆகிய பொருள்களையும் அவ்விருவர் கண்டனர். 1930ஆம் ஆண்டில் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார். எனினும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பணியிடம் தரவில்லை.

1940ஆம் ஆண்டில் லெடர்லே மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார். அங்கு அவருடைய குழுவினர் 1945ஆம் ஆண்டில் போலிக் அமிலம் என்னும் வைட்டமினைச் செயற்கையாக உருவாக்கினர். ஸ்ப்ரூ நோயாளிகள் அதனால் நலமடையத் தொடங்கினர். உடன்பிறந்தார் இறந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாகியிருந்தது. யானைக்கால் நோய்க் கிருமியை அழிக்கும் மருந்தும், குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்கு முதலில் பயன்பட்ட அமினோப்டெரின் என்னும் மருந்தும் அக்குழுவினரின் உழைப்பால் விளைந்தவையே.

சுப்பாராவ் தாயகம் திரும்பவேயில்லை. 1948ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், 53ஆம் வயதில், மாரடைப்பால் நியூயார்க்கில் காலமானார். அவருடைய நூற்றாண்டையொட்டி 1995ஆம் ஆண்டில் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. உயிர்வேதியியல் பயிலும் கல்லூரி மாணவர்கள் பிஸ்கே–சுப்பாராவ் முறையை இன்றும் செய்முறைப் பாடமாகக் கற்கின்றனர். கரைசல்களைச் சேர்த்துவிட்டு, சோதனைக் குழாயில் நீலம் தோன்றும்வரை காத்திருக்கின்றனர்.