புகைப்படக் கலைஞர் தீனதயாள்

கொங்கு நாட்டில் காங்கேயம் என்னும் ஊர் காளைகளால் பெயர் பெற்றது. கொம்பும் திமிலும் எழிலுற நிமிர்ந்து நிற்கும் காங்கேயம் காளையின் படத்தைக் கண்டு மகிழ்வோர் பலர். அதை எடுத்தவர் யாவர் என எண்ணுவோர் சிலரே. கொளுத்தும் வெயிலில், காளை அசையாது நிற்கும் நொடிக்காகக் காத்திருந்து ஒருவர் எடுத்த படம், பின்னர் அவர் பெயரை இழந்து, நிறம் மாறி, பாதி வெட்டுண்டு, முன்பின் அறியாத ஒருவருடைய அரிசிப் பையிலோ பனியன் பெட்டியிலோ அச்சாவதும் உண்டு. அப்படத்தின் மீது எடுத்தவருக்கு உள்ள உரிமை யாது? நம் நாட்டில் சட்டம் இதனைத் தெளிவாக வகுக்கும் முன்னரே, தம் தொழில் ஒழுங்கினால் இதற்கு விடை கண்டவர் ராஜா தீனதயாள்.

தீனதயாள் 1844ஆம் ஆண்டில், மீரட் நகருக்கு அருகிலுள்ள சர்தானாவில், சமணக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ரூர்க்கியிலிருந்த தாமசன் பொறியியற் கல்லூரியில் பயின்று, 1866இல் இந்தூரில் பொதுப்பணித் துறை அலுவலில் அமர்ந்தார். கட்டடங்களுக்கு மதிப்பீடு செய்வதும் வரைபடம் வரைவதும் அவர் பணிகள். கோட்டை அளந்து பழகிய அவர் கண், 1874ஆம் ஆண்டளவில் புகைப்படக் கலையை நாடிற்று.

அக்காலத்தில் படம் எடுப்பது எளிய செயலன்று. கண்ணாடித் தட்டின்மேல் ஒருவகைப் பசைநீரைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் படம் எடுத்து, அப்பொழுதே இருட்டறையில் கழுவுதல் வேண்டும். வெளியூர் செல்வோர் கருவியோடு மருந்துப் புட்டிகளையும், இருட்டறைக்கு உரிய கூடாரத்தையும், உடையும் இயல்புடைய தட்டுகளையும் சுமந்து செல்வர். தட்டின் அளவே படத்தின் அளவு. ஆதலின் பெரிய படத்திற்குப் பெரிய தட்டே வேண்டும்.

இவ்வாறு உருவான கண்ணாடித் தட்டே மூலப்படம். அது யாரிடம் இருக்கின்றதோ, அவர் வேண்டும்பொழுதெல்லாம் படம் அச்சிட்டுக்கொள்ளலாம்; மெல்லிய எழுதுகோலால் தட்டில் திருத்தவும் செய்யலாம். தட்டைக் கைவிட்டவர் படத்தையும் கைவிட்டவரே ஆவார். தீனதயாள் இதனை நன்கு உணர்ந்திருந்தார். அவர் தட்டுகளின் அடியில் தம் பெயரையும் வரிசை எண்ணையும் பொறித்து வைத்தார். தட்டிலேயே பொறித்தமையால், அதிலிருந்து எடுக்கும் படிகளிலும் பெயரும் எண்ணும் தாமே பதிந்தன. படம் எங்குச் சென்றாலும் எடுத்தவர் பெயரும் உடன் சென்றது.

மத்திய இந்தியாவில் அரசப் பிரதிநிதியின் முகவராக இருந்தவர் லெப்பல் கிரிபின். அவருடன் பண்டேல்கண்டுப் பகுதிக்குச் சென்ற தீனதயாள், பழைய கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்தார். அப்படங்களுள் 89 சேர்ந்த நூலொன்று 1886இல் வெளிவந்தது. நூலாசிரியராக உலகம் அறிந்தது கிரிபினையே. எனினும் குவாலியர்க் கோட்டையையும் கஜுராகோக் கோயில்களையும் கண்முன் நிறுத்துவன தீனதயாள் எடுத்த படங்களே. எழுதியவர் ஒருவர், படமெடுத்தவர் ஒருவர் என்னும் நிலையில், படமெடுத்தவரை மறவாதிருக்கத் தட்டில் பொறித்த பெயர் எத்துணைத் துணை என்பது இதனால் விளங்கும்.

பின்னர் அவர் அரசுப் பணியை விடுத்து, செகந்தராபாதில் படநிலையம் அமைத்தார். ஐதராபாத்தின் ஆறாம் நிசாமாகிய மகபூப் அலிகான் அவரை அரசவைப் புகைப்படக் கலைஞராக ஏற்று, 1894இல் ராஜா, முசவ்விர் ஜங் என்னும் பட்டங்களால் சிறப்பித்தார். 1892இல் ஐதராபாத்தில் பெண்களுக்கெனத் தனிப் படநிலையம் ஒன்றையும் தீனதயாள் தொடங்கினார். உயர்ந்த மதில் சூழ்ந்த அவ்விடத்தை ஆங்கிலப் பெண்மணி ஒருவர் நடத்தினார். பிற ஆடவர் கண்படாத அந்தப்புர மகளிர் அங்கே அச்சமின்றிப் படமெடுத்துக்கொண்டனர். எடுப்பவருக்கு உரிமை இருப்பதுபோல, எடுக்கப்படுவோருக்கும் மானம் உண்டு என்பதை அவர் மறந்திலர்.

1896இல் பம்பாயிலும் அவர் நிலையம் நிறுவினார். 1897இல் விக்டோரியா அரசியாரின் புகைப்படக் கலைஞர் என்னும் மதிப்பும் அவரை அடைந்தது. பெரும்புகழ் பெற்ற அவர் 1905ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மறைந்தார்.

அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் சென்றபின், 1914இல், இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டம் வந்தது. மூலத் தட்டு உருவானபொழுது அதற்கு உடையவராக இருந்தவரையே படத்தின் ஆசிரியராக அச்சட்டம் கொண்டது. தட்டைக் காத்தலே உரிமையைக் காத்தல் எனத் தீனதயாள் ஒழுகியதற்கு அஃது ஒத்திருந்தது. 1957ஆம் ஆண்டுச் சட்டமோ படமெடுப்பவரையே ஆசிரியர் எனக் கொள்கின்றது. பிறர் பொருள் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு உடன்பாடு இல்லையேல், பொருள் கொடுத்தவரைச் சேரும். ஆயினும், படைத்தவர் தாமே என உரைக்கவும், தம் மதிப்புக் கெடுமாறு படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கவும், உரிமையை விற்ற பின்னும் படைத்தவருக்கு வழியுண்டு.

தீனதயாளின் தட்டுகளுள் காலத்தால் அழிந்தவை போக, 2,857 தட்டுகளைப் புதுதில்லியிலுள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையம் 1989இல் பெற்றுப் போற்றி வருகின்றது. 2006இல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

இன்று கண்ணாடித் தட்டு இல்லை. கைப்பேசியில் எடுத்த படம் நொடிப்பொழுதில் ஊர் கடக்கின்றது. அதனை வெட்டுவதும் நிறம் மாற்றுவதும் சிறுவருக்கும் எளிது. எளிதென்பதனாலேயே அது முறையாகிவிடாது. காங்கேயத்துக் காளையின் படமாயினும், கஜுராகோக் கோயிலின் படமாயினும், அதன் பின்னே ஒருவருடைய கண்ணும் காத்திருப்பும் உள்ளன. பிறர் படத்தைக் கேட்டுப் பெறுவதும், எடுத்தவர் பெயரை அழியாது காப்பதும், பொருளைத் திரியாது வழங்குவதும் நற்பண்பாகும். தட்டில் பெயரைப் பொறித்துச் சென்ற தீனதயாளின் வாழ்வு உணர்த்தும் பாடம் இதுவே.