மூன்றே கிட்டார் கார்ட்ஸ், 29 வயது: ஹாங்க் வில்லியம்ஸ் பாடல்களில் என்ன இருக்கிறது?

கிட்டார் கிளாஸில் சேர்ந்து இரண்டே வாரத்தில் நின்றுவிட்டவரா நீங்கள்? அப்படியென்றாலும் சி, எஃப், ஜி என்ற மூன்று கார்ட்ஸ் நினைவிருக்கும். எஃப் பிடிக்க விரல் வலித்ததும் நினைவிருக்கும். அமெரிக்க கன்ட்ரி இசையின் பெரும்பகுதி இந்த மூன்றை வைத்துத்தான் ஓடுகிறது.

அதே மூன்றை வைத்துக்கொண்டு கன்ட்ரி தரவரிசையில் 11 முறை முதலிடம் பிடித்தவர் ஹாங்க் வில்லியம்ஸ். அந்த 11-ல் நான்கு, அவர் இறந்த பிறகு முதலிடத்துக்கு வந்தவை. இறந்தபோது அவருக்கு வயது 29.

உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த கார்ட்ஸ். அதில் இவருடையது என்று சொல்ல என்ன இருந்தது?

அந்த மூன்று ஏன் போதும்?

மேஜர் ஸ்கேல் என்பது நம் சங்கராபரணத்தின் சுரங்கள்தான். ச-வில் ஆரம்பித்து ஒன்று விட்டு ஒன்றாக எடுத்தால் ச, க, ப. இது முதல் கார்ட். ம-வில் ஆரம்பித்தால் ம, த, ச. ப-வில் ஆரம்பித்தால் ப, நி, ரி. இப்போது மூன்றையும் சேர்த்து எண்ணிப் பாருங்க, ஏழு சுரமும் வந்துவிட்டது. அதனால்தான் அந்த ஸ்கேலில் நீங்கள் என்ன மெட்டு போட்டாலும், இந்த மூன்றில் ஏதோ ஒன்று அதைத் தாங்கிப் பிடிக்கும்.

இன்னொரு விஷயம், ஐந்தாவது கார்டில் இருக்கும் நி. அது மேல் ச-வுக்குப் போகத் துடிக்கும். ஐந்தாவது கார்ட் கேட்டதும் உங்கள் காது முதல் கார்டை எதிர்பார்ப்பது அதனால்தான். முதலாவது வீடு, நான்காவது கொஞ்சம் வெளியே போய் வருவது, ஐந்தாவது வீட்டு வாசல். நாஷ்வில் இசைக்கலைஞர்கள் பின்னாளில் கார்ட் பெயர்களையே விட்டுவிட்டு 1, 4, 5 என்று எண்களாகவே எழுதத் தொடங்கினார்கள்.

பாப் இசை இதில் ஆறாவதாக ஒரு மைனர் கார்டைச் சேர்த்துக்கொண்டது. பீட்டில்ஸின் ‘லெட் இட் பீ’ 1-5-6-4 என்றுதான் ஆரம்பிக்கிறது. யூ2-வின் ‘வித் ஆர் வித்தவுட் யூ’ கிட்டத்தட்ட முழுக்கவே அந்த நான்குதான்.

தெருவில் கிடைத்த வாத்தியார்

ஹாங்க் 1923 செப்டம்பர் 17 அன்று அலபாமா மாநிலத்தின் மவுண்ட் ஆலிவ் பகுதியில் பிறந்தார். பிறவியிலேயே முதுகெலும்பில் குறைபாடு. அந்த வலி கடைசி வரை போகவில்லை. சிறு வயதிலேயே அப்பா ராணுவ வீரர்களுக்கான மருத்துவமனையில் சேர்க்கப்பட, அம்மா லில்லி வாடகை விடுதி நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

ஜார்ஜியானா, கிரீன்வில் ஆகிய சிற்றூர்களில் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினக் கலைஞர் தெருவில் வாசித்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். ஊர் அவரை டீ-டாட் என்று கூப்பிட்டது. கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் சட்டமே பிரித்து வைத்திருந்த காலம் அது. அந்தத் தெருவில்தான் ஹாங்க் பெய்னின் பின்னாலேயே திரிந்து கிட்டார் கற்றார். பாடத்துக்குச் சம்பளம் சாப்பாடுதான் என்று சொல்வார்கள். ஹாங்குக்கு இசைக் குறியீடு படிக்கத் தெரியாது. தனக்கு இசை சொல்லிக்கொடுத்தது பெய்ன்தான் என்று பிற்காலத்தில் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

1947-ல் ஹாங்கை முதன்முதலில் கவனிக்க வைத்த ‘மூவ் இட் ஆன் ஓவர்’ பாட்டைக் கேளுங்க. அதே 1, 4, 5 தான், ஆனால் 12 பார் ப்ளூஸ் வரிசையில். அந்த வரிசை கறுப்பினக் கலைஞர்கள் வளர்த்தெடுத்தது.

சோகத்தை எங்கே வைத்தார்?

1946-ல் நாஷ்வில் போய் ஃப்ரெட் ரோஸ் என்ற பதிப்பாளரிடம் பாடல்களைக் கொடுத்தார் ஹாங்க். ரோஸ் பியானோ கலைஞர், பாப் பாடல்கள் எழுதித் தேர்ந்தவர். ஹாங்கின் வரிகளைச் செதுக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. வேடிக்கை என்னவென்றால், ஹாங்கை 1949-ல் நாடு முழுக்கக் கொண்டுபோன ‘லவ்சிக் ப்ளூஸ்’ அவர் எழுதியதே அல்ல. 1920-களின் பாட்டு அது, மூன்று கார்ட்ஸுக்குள் அடங்காதது. ரோஸுக்கு அந்தப் பாட்டு பிடிக்கவும் இல்லை.

ஆனால் ஹாங்கைப் புரிந்துகொள்ள நீங்கள் கேட்க வேண்டியது அதே ஆண்டு பதிவான ‘ஐ’ம் ஸோ லோன்சம் ஐ குட் க்ரை’. தனிமையைப் பாடும் பாட்டு என்றால் மைனர் கார்ட் வரும் என்று எதிர்பார்ப்போம், இல்லையா? இதில் எல்லாமே மேஜர். வால்ட்ஸ் தாளத்தில் மெதுவாகப் போகிறது. ஒவ்வொரு சரணத்திலும் முதல் பாதி முழுக்க முதல் கார்டிலேயே நிற்கிறது, அடிப்படையில் எதுவும் நகர்வதில்லை. மூன்றாவது வரியில் நான்காவது கார்டுக்குப் போய்த் திரும்புகிறது. கடைசி வரியில் ஐந்தாவது, பிறகு வீடு. சோகத்தைச் சுமப்பது வார்த்தையும், உடைகிற மாதிரி ஒலிக்கும் அந்தக் குரலும்தான். கார்ட்ஸ் வழியை விட்டு ஒதுங்கி நிற்கின்றன. என் கணக்கில் அவருடைய மொத்தத் திறமையும் இந்த ஒதுக்கத்தில் இருக்கிறது. ‘ஜம்பலாயா’வில் இன்னும் ஒரு படி போய், இரண்டே கார்டில் முடித்துவிட்டார்.

புகழ் கூடக் கூட உடம்பு கெட்டது. 1951 இறுதியில் முதுகில் அறுவை சிகிச்சை. குடி, வலி மருந்து, மணமுறிவு. 1952 ஆகஸ்ட்டில், அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடிய கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சியே அவரை நீக்கியது. அடுத்த மாதமே ‘யுவர் சீட்டின் ஹார்ட்’ பதிவு செய்தார். அதுதான் அவருடைய கடைசி ரெக்கார்டிங் அமர்வு. புத்தாண்டு நிகழ்ச்சிக்காக ஒஹாயோ மாநிலத்தின் கான்டன் நகருக்குப் போகும் வழியில், 1953 ஜனவரி 1 அன்று, காரின் பின் இருக்கையில் இறந்துகிடந்தார். 2010-ல் புலிட்சர் குழு அவருக்குச் சிறப்பு அங்கீகாரம் வழங்கியது.

கார்ட்ஸ் யாருக்குச் சொந்தம்?

ஹாங்கின் ‘கோல்ட், கோல்ட் ஹார்ட்’ பாட்டை டோனி பென்னட் 1951-ல் பாட, அது பாப் தரவரிசையிலும் முதலிடம் போனது. வேறொரு பாட்டின் மெட்டு இது என்று வழக்கும் வந்தது. கவனியுங்க, வழக்கு மெட்டைப் பற்றியது. 2023-ல் எட் ஷீரன் மீது நியூயார்க்கில் நடந்த வழக்கில்தான் கார்ட் வரிசையே மையத்துக்கு வந்தது. அவர் சாட்சிக் கூண்டில் கிட்டார் வாசித்துக் காட்டினார், ஜூரி அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எல்லாரும் பயன்படுத்தும் கார்ட் வரிசை எல்லாருக்கும் பொது என்பதுதான் அவர் தரப்பின் வாதம்.

பாட்டு எழுதுகிற யாருக்கும் இது நிம்மதியான ஏற்பாடு. வரிக்கும் மெட்டுக்கும் ராயல்டி உண்டு. ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு எப்போது போக வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவருக்கு அதில் இடமில்லை.

ரூஃபஸ் பெய்ன் 1939-ல் மான்ட்கோமரியில் ஏழையாக இறந்தார். அப்போது ஹாங்குக்கு வயது 15. பெய்ன் வாசித்தது எதுவும் பதிவு செய்யப்படவில்லை.