மூலிகை வளர்த்த இசைப் பேரறிஞர்

வேலியோரத்தில் தூதுவளை படர்ந்திருக்கும். வழியோரத்தில் கண்டங்கத்திரி முள்ளோடு கிடக்கும். வயல் வரப்பில் கீழாநெல்லி தழைத்து நிற்கும். அறியாதார்க்கு அவை களைகள், அறிந்தார்க்கோ மருந்துகள். அவ்வறிவைத் தேடிப் பெற்று, பெற்றதனைப் பிறர்க்குப் பயன்படச் செய்த பெருந்தகையார் ஆபிரகாம் பண்டிதர்.

இவர் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள், தென்காசிக்கு அண்மையிலுள்ள சாம்பவர் வடகரையில் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, ஆசிரியப் பணியில் அமர்ந்தார். சித்த மருத்துவத்தில் இவருக்கிருந்த வேட்கை இவரைச் சுருளிமலைக்கு ஈர்த்தது. ஆங்குக் கருணானந்தர் என்னும் முனிவரை அடைந்து, மூலிகைகளின் இயல்பையும் மருந்து செய்யும் முறையையும் கற்றுத் தெளிந்தார்.

பின்னர்ப் பண்டிதர் தஞ்சையிற் குடியேறினார். இவரும் இவர்தம் மனைவியார் ஞானவடிவு பொன்னம்மாளும் பள்ளியிற் கற்பித்துக்கொண்டே மருந்தும் செய்து வந்தனர். நாளடைவில் மருந்தை நாடி வருவோர் பெருகினர். திங்கள்தோறும் தவறாது வரும் ஊதியத்தை விடுதல் எளிதன்று. எனினும், இருவரும் துணிந்து ஆசிரியப் பணியைத் துறந்து, மருத்துவத்தையே தம் தொழிலாகக் கொண்டனர். இவர்கள் செய்த கோரோசனை மாத்திரை பெரும்புகழ் பெற்றது.

மூலிகை மருத்துவர்க்கு ஓர் இடர் உண்டு. வேண்டிய பச்சிலை வேண்டிய பொழுதில் கிடைப்பதில்லை. தோற்றத்தில் ஒத்த வேறொன்றைப் பறித்துவிட்டாலோ நோயாளிக்குத் தீங்கு நேரும். பண்டிதர் தஞ்சைக்கு வெளியே ஏறத்தாழ 100 ஏக்கர் நிலத்தில் தோட்டம் அமைத்து, மூலிகைகளைத் தாமே பயிரிட்டார். கரும்பு முதலியனவும் அங்கு விளைந்தன. அத்தோட்டத்திற்குக் கருணானந்தபுரம் எனப் பெயரிட்டார். மக்கள் அதனைப் பண்டிதர் தோட்டம் என்றே அழைத்தனர். அரசு 1909ஆம் ஆண்டு இவருக்கு ராவ் சாகிப் என்னும் பட்டம் வழங்கியது.

மருந்தால் வந்த செல்வத்தைப் பண்டிதர் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. தமிழிசை ஆராய்ச்சிக்கு ஈந்தார். 1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவித் தம் பொருட்செலவில் இசை மாநாடுகள் பல நடத்தினார். 1916இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டில் தம் ஆராய்ச்சி முடிவுகளை எடுத்துரைத்தார். ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட கருணாமிர்த சாகரம் என்னும் இசைநூலை 1917இல் வெளியிட்டார். 1919ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் மறைந்தார்.

மூலிகைத் தோட்டமும் இசைநூலும், கருணை என்னும் சொல்லையே பெயரில் தாங்கி, மலையிற் கற்பித்த ஆசிரியரை நினைவூட்டுகின்றன. கற்றதை மறைத்து வையாமல் வளர்த்துப் பிறர்க்கு அளிப்பதே ஆசிரியர்க்கு மாணவர் செலுத்தும் நன்றியாகும்.