மேனித் தடிப்பைப் பிரித்தறிந்த ஹகீம் அர்ராஸீ

பிள்ளையின் மேனியில் சிவப்புப் புள்ளிகள் அரும்பிய மாத்திரத்தில் மணல்வாரி என்று பெயரிட்டு விடுகிறோம். பெயரிட்டபின் வேறெதையும் நாம் விசாரிப்பதில்லை. பெயரிடுமுன் உற்று நோக்க வேண்டும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்த்திய ஒரு மேதையின் வரலாற்றைக் காண்போம்.

அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ, இன்றைய தெஹ்ரானை அடுத்த ரய் நகரில் ஹிஜ்ரி 251-ல் (கி.பி. 865) பிறந்தார். தப்ஸீர் எழுதிய இமாம் ராஸீ (ரஹ்) அவர்கள் வேறு; இவர் வைத்தியர். ரய் நகர மருத்துவமனைக்கும் பின்னர் பக்தாது மருத்துவமனைக்கும் தலைமை வகித்தார். ஏழை நோயாளிகளிடம் இரக்கம் மிக்கவர். வைத்தியர் கிடைக்காத எளியவர்களுக்கென்றே தனி நூலொன்றும் இயற்றினார்.

பெரியம்மை, தட்டம்மை இரண்டையும் குறித்து 'அல்ஜுதரீ வல்ஹஸ்பா' எனும் கிதாபை 14 அத்தியாயங்களில் எழுதினார். தடிப்பு தோன்றுமுன் நோயாளிக்கு என்னென்ன நேர்ந்தது என்று கவனித்தார். முதுகுவலி பெரியம்மையில் மிகுதி. குமட்டலும் மனக்கலக்கமும் தட்டம்மையில் மிகுதி என்று பிரித்துக் காட்டினார். இரத்தம் கொதிப்பதே காரணம் என அவர் எண்ணியது சரியன்று. தட்டம்மைக் கிருமி 1954-ல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. ஆயினும் அவர் காட்டிய முறை நிலைத்தது. 1848-ல் அந்நூல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. முதுமையில் பார்வையிழந்த அவர், ஹிஜ்ரி 313-ல் (கி.பி. 925) ரய் நகரிலேயே மறைந்தார்.

பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980-ல் அறிவிக்கப்பட்டது. ஆனால் தட்டம்மை இன்றும் உண்டு. அதைப் போலவே தோன்றும் மருந்து ஒவ்வாமைத் தடிப்பும் உண்டு. தட்டம்மையில் காய்ச்சல், இருமல், மூக்கொழுக்கு, கண் சிவப்பு ஆகியவை முந்திக் கொள்ளும். சில நாட்களுக்குப் பின் காதோரத்திலும் முகத்திலும் தடிப்பு தொடங்கிக் கீழே இறங்கும். மருந்தால் வருவது பெரும்பாலும் மருந்து தொடங்கிய 4 முதல் 14 நாட்களுக்குள், மார்பிலும் முதுகிலும் தொடங்கும். நமைச்சலும் பெரும்பாலும் இருக்கும். பென்சிலின் வகை, சல்பா, வலிப்பு மருந்துகள் ஆகியவற்றால் இது நேர்வதுண்டு. வேறு சில கிருமிக் காய்ச்சல்களிலும் இத்தகைய தடிப்பு வரும். கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்வது டாக்டர்களுக்கே எளிதன்று.

எனவே காய்ச்சல் என்று வந்தது, தடிப்பு எங்கே தொடங்கியது, எந்த மருந்து என்று தொடங்கப்பட்டது என்பதைத் தாய்மார்கள் குறித்து வைத்து, மருந்துச் சீட்டுடன் டாக்டரிடம் காட்டட்டும். மருந்து சாப்பிடும்போது தடிப்பு கண்டால், அடுத்த வேளை கொடுக்குமுன் டாக்டரைக் கேட்க வேண்டும். வாயிலோ கண்ணிலோ புண், கொப்புளம், தோல் உரிதல், முகவீக்கம், மூச்சுத் திணறல் கண்டால் சற்றும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். தட்டம்மை என ஐயம் எழுந்தால் மற்றக் குழந்தைகளை விலக்கி வைப்போம்; தடுப்பூசியையும் தவறவிட வேண்டாம்.

மருந்து செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். நோய் இன்னதென்று அறிய முயல்வதும் அதில் அடங்கியதே. ஷிபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே.