பதவி ஏலாத் தலைவர் தியாகராயர்

வடசென்னை மக்களின் நாவில் சர் பிட்டி தியாகராயரின் பெயர் நாள்தோறும் பயில்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் 1950இல் தோன்றிய கல்லூரி அவர் பெயர் தாங்கியது. தண்டையார்பேட்டைக்கு முந்தைய மெட்ரோ நிலையமும் 2021 முதல் அக்கல்லூரியின் பெயராலேயே வழங்குகிறது. முதலமைச்சர் பதவி தேடி வந்தும் அதனை ஏற்காதவர் என்று அவரைப் புகழ்வோர் பலர். அப்பதவி எத்தகையது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட தேவாங்கர் குடியில் 1852இல் பிறந்த தியாகராயர், மாநிலக் கல்லூரியில் 1876இல் பட்டம் பெற்றார். தாமே நெசவுத் தொழிற்கூடம் நடத்தினார். 1882இல் நகராட்சி மன்றத்துள் புகுந்தவர் நாற்பதாண்டு அங்கே தொண்டாற்றினார். வெள்ளுடை வேந்தர் என்னும் பெயர் அவருடைய தூய வெண்ணிற உடையால் வந்தது. தொடக்கத்தில் காங்கிரசில் பற்றுடையவராயிருந்த அவர், 1916இல் டாக்டர் டி.எம். நாயர், டாக்டர் சி. நடேசனார் ஆகியோருடன் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். நீதிக்கட்சி என மக்கள் வழங்கியது இதனையே. 1919இல் நாயர் இலண்டனில் மறையவே, தலைமைச் சுமை முழுவதும் தியாகராயர் தோளில் இறங்கிற்று.

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1920 நவம்பரில் நடந்த தேர்தலைக் காங்கிரசு புறக்கணித்தது. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தேர்தலுக்குரிய 98 இடங்களுள் 63 நீதிக்கட்சிக்குக் கிடைத்தன. ஆளுநர் வெல்லிங்டன் பிரபு அமைச்சரவை அமைக்கத் தியாகராயரை அழைத்தார். அவரோ கடலூர் சுப்பராயலு ரெட்டியாரைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். டிசம்பர் 17ஆம் நாள் ரெட்டியாரும், பனகல் அரசரும், கே.வி. ரெட்டி நாயுடுவும் பதவியேற்றனர்.

இரட்டையாட்சி என்பது ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு மூட்டிய கதைதான். கல்வி, உள்ளாட்சி, மருத்துவம், வேளாண்மை முதலியன அமைச்சர்க்கு. நிதி, காவல், நிலவரி முதலியன ஆளுநரின் நிர்வாகக் குழுவுக்கு. பள்ளி திறக்கும் பொறுப்பு ஒருவர்க்கு, பணப்பெட்டிச் சாவி மற்றவர்க்கு. மன்றம் மறுக்கும் நிதியையும் ஒதுக்கப்பட்ட துறைகளுக்கு ஆளுநர் தம் சான்றால் மீட்டுக்கொள்ளலாம். அமைச்சரை அமர்த்துபவரும் நீக்குபவரும் ஆளுநரே. எனினும் வெல்லிங்டன் அமைச்சர்களை ஓர் அணியாகவே நடத்தினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். கடல் கடந்த சிங்கப்பூரிலும் 1955இல் ஏறத்தாழ இந்த அமைப்பையே காண்கிறோம். டேவிட் மார்ஷல் முதலமைச்சரான அந்த ஒன்பதின்மர் அவையில் ஆங்கில அதிகாரிகள் மூவர் அமர்ந்திருந்தனர். நிதியும் அவர்கள் கையில்தான்.

இந்த அரைகுறை ஆட்சியின் கூர்முனை வடசென்னையின் மார்பிலேயே பாய்ந்தது. 1921இல் பின்னி ஆலையின் வேலைநிறுத்தம் திங்கள் கணக்கில் நீண்டது. புளியந்தோப்பில் சாதி இந்துக்களும் ஆதிதிராவிடரும் மோதிக்கொண்டனர். ஆகஸ்டில் காவலர் சுட்டதில் உயிர்கள் மாய்ந்தன. காவல்துறை அமைச்சர் வசம் இல்லை. மன்றத்தில் ஆளுங்கட்சியாரே எதிர்க்கட்சியார் போல் எழுந்து அதிகாரிகளைச் சாட நேர்ந்தது. அந்தச் சாடல் ஆதிதிராவிடர்க்கு அரசு காட்டிய பரிவின் மீதும் திரும்பியதுதான் வருந்தத்தக்கது. எம்.சி. ராஜா 1923இல் கட்சியை விட்டு விலகினார். ஒடுக்கப்பட்டோர்க்கென எழுந்த இயக்கம் அவர்களுள்ளும் கீழ்நிலையில் நின்றவரைக் கைவிட்ட இடம் இது. தலைவர் என்ற முறையில் தியாகராயர்க்கும் இதில் பங்குண்டு.

உள்ளேயும் பிளவு கண்டது. ரெட்டியார் உடல்நலக் குறைவால் 1921 ஜூலையில் விலக, பனகல் அரசர் முதலமைச்சரானார், ஏ.பி. பாத்ரோ அமைச்சரவையுள் வந்தார். தமிழ் மாவட்டத்தார் ஒருவரும் அமைச்சரவையில் இல்லை என்ற முணுமுணுப்பு எழுந்தது. அமைச்சர்களைத் தேர்வதில் தியாகராயர் சொல்லே ஓங்கி நின்றமையால் பழியும் அவரையே சார்ந்தது. 1923 தேர்தலில் கட்சி 44 இடங்களுக்கு இறங்கியது. பின்னரே டி.என். சிவஞானம் பிள்ளை அமைச்சரானார். அவ்வாண்டு நவம்பர் 27ஆம் நாள் சி.ஆர். ரெட்டி தரப்பு கொணர்ந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் 44க்கு 65 என்ற வாக்கில் வீழ்ந்தது. அமைச்சர்கள் மன்றத்தில் எழுந்து விடை சொல்லியாக வேண்டியிருந்தது. அவர்களைத் தேர்ந்தவர்க்கு அந்தக் கடமை இல்லை. பதவி மறுப்பைத் துறவு என்று மட்டும் போற்றுவோர் இதனையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

அமைச்சர் நாற்காலியை மறுத்தவர் மாநகராட்சித் தலைவர் இருக்கையை மறுக்கவில்லை. மன்றத்தாரால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவர் அவரே. ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் 1920இல் ஏழைப் பிள்ளைகட்கு நண்பகல் உணவு வழங்கச் செய்தார். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. திட்டம் மேலும் நான்கு பள்ளிகட்குப் பரவியது. 1922–23இல் 811ஆக இருந்த மாணவர் தொகை 1924–25இல் 1671 ஆயிற்று. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவு செய்தல் கூடாது என்று அரசு தடுத்தமையால் 1925 ஏப்ரல் முதல் நாள் அடுப்பு அணைந்தது. தியாகராயர் மறைந்ததும் அவ்வாண்டில்தான். மாநகராட்சி மன்றம் மீண்டும் கூடி, ஆயிரம் ஏழைப் பிள்ளைகட்கேனும் உணவளிப்பதென்று அதே ஆண்டில் முடிவு செய்தது.