முகாமில் குடியேறிய குருவானவர்
அருட்தந்தை ஜோசப் ரெசின்ஸ்கி (1917 – 1988)



ஜூபிலி மலர் என்றால் அதில் ஒரு புனிதரின் சரித்திரம் இருக்கும். நான் எழுத எடுத்துக்கொண்டவர் இன்னும் பீடத்தில் ஏற்றப்படாதவர். அவரைப் புனிதராக உயர்த்துவதற்கான முயற்சி 1997-இல் பிரான்சு நாட்டின் சுவாசோன் மறைமாவட்டத்தில் தொடங்கியது. நலிந்து கிடக்கும் ஒரு குடியிருப்பைத் தூக்கி நிறுத்த முதலில் எது வேண்டும் என்பதற்கு, அவர் காலத்தில் பலருக்கும் பிடிக்காத ஒரு பதிலைத் தந்தவர் அவர்.

1917 பிப்ரவரி 12-இல் ஆன்ஜே நகரில் பிறந்தார். தந்தை போலந்துக்காரர், தாய் ஸ்பெயின் நாட்டவர். முதல் உலகப் போர்க் காலத்தில் அந்நியர் என்று அடைத்து வைக்கப்பட்ட குடும்பம் அது. வீட்டில் வறுமை, வறுமையோடு சண்டை. சின்னஞ்சிறு வயதிலேயே நல்லாயன் கன்னியர் மடத்தில் அதிகாலைத் திருப்பலிக்குப் பீடச் சிறுவனாகச் சென்றார். பக்தியால் மட்டுமல்ல, பூசை முடிந்ததும் கிடைக்கும் காப்பிக்காகவும் ரொட்டிக்காகவும் சில்லறைக் காசுக்காகவும் சென்றார். உதவி செய்ய வந்த நல்ல மனிதர்கள் தம் தாயாரை எப்படித் தலைகுனிய வைத்தார்கள் என்பதையும் அச்சிறுவன் பார்த்துக்கொண்டிருந்தான். கொடுப்பவரின் கை மேலே, வாங்குபவரின் கை கீழே என்ற அந்தக் காட்சி அவர் மனத்தை விட்டு அகலவே இல்லை.

பதின்மூன்று வயதில் இனிப்புப் பண்டம் செய்யும் கடையில் தொழில் பழகினார். இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தில் சேர்ந்தபின் தேவ அழைத்தலை உணர்ந்து, தம்மைவிட வயதில் மிகச் சிறிய பையன்களோடு குருமடத்தில் உட்கார்ந்து படித்தார். 1946 ஜூன் 29, இராயப்பர் சின்னப்பர் திருநாளன்று குருப்பட்டம் பெற்றார். பத்தாண்டுகள் பங்குப் பணி.

1956 ஜூலையில் ஆயர் அவரை நுவாசி-லெ-கிரான் என்ற இடத்துக்கு அனுப்பினார். பாரிசு மாநகரின் கிழக்குப் புறத்தில் உள்ளது அவ்வூர். 1954-இன் கடுங்குளிரில் வீடின்றித் தவித்தவர்களுக்காக எம்மாவுஸ் இயக்கத்தார் அங்கே ஒரு முகாம் அமைத்திருந்தனர். பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்தது போன்ற கொட்டகைகள். எஸ்கிமோவரின் பனிவீட்டை நினைத்து அவற்றுக்கு இக்ளூ என்று பெயர். கோடையில் வெந்து, குளிரில் உறைந்து, மழையில் சேறாகிக் கிடந்த அந்த வெளியில் 252 குடும்பங்கள் இருந்தன. தாற்காலிகம் என்று சொல்லப்பட்டது ஆண்டுக்கணக்கில் நீண்டது. அங்கே அவர் கண்டது முன்பின் அறியாத ஏழைகளை அல்ல; தம் சொந்தத் தாயாரையும் உடன்பிறந்தாரையும்தான். வந்து பார்த்துவிட்டுப் போகவில்லை. அவர்களுக்கு நடுவே தாமும் ஓர் இக்ளூவில் குடியேறினார்.

முதலில் செய்த காரியம் எல்லாரையும் திடுக்கிட வைத்தது. முகாமில் நடந்துவந்த சூப்பு விநியோகத்தையும் பழந்துணி விநியோகத்தையும் நிறுத்தச் செய்தார். தர்ம சிந்தையுள்ளவர்களுக்குக் கோபம் வந்தது. முகாமில் இருந்தவர்களிலும் சிலர் முணுமுணுத்தார்கள். வருவது இயல்புதானே! பசித்த பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கும் தாய்க்கு மானத்தைப் பற்றி யார் பேசுவது? ஆயினும் தம் பிள்ளைகளின் கண் முன்னால் பாத்திரமேந்தி வரிசையில் நிற்கும் தகப்பன் அந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தகப்பனாக இருக்க முடியும் என்பதே அவருடைய வாதம். நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார் இதைப் படித்து வருந்த வேண்டாம். வீடு தேடிச் சென்று அருகில் அமர்ந்து பேசும் அவர்கள் வழக்கம் சுவாமியவர்களின் எண்ணத்துக்கு நெருக்கமானதே.

சூப்புக்குப் பதிலாக வந்தவை எவை? ஒரு நூல்நிலையம், ஒரு மழலையர் பள்ளி, ஒரு சலவைக்கூடம், பெண்களுக்கென ஓர் அழகு நிலையம். சேற்றில் கிடப்பவர்களுக்கு அழகு நிலையமா என்று சிரித்தவர்கள் உண்டு. வேலை தேடி நகரத்துக்குள் போகும் பெண், முகத்தைப் பார்த்தே விரட்டப்படாதிருக்க அது உதவும் என்பதைச் சிரித்தவர்கள் யோசிக்கவில்லை. குடும்பங்களோடு சேர்ந்து ஒரு சிற்றாலயமும் கட்டினார். அதன் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களைச் செய்தவர் ழான் பசேன் என்ற புகழ்பெற்ற ஓவியர். ஏழைகளுக்கு எஞ்சியதும் மிஞ்சியதும் போதும் என்று எண்ணுவோருக்கு இதுவும் புரியாத செலவுதான்.

1957-இல் குடும்பங்களையே உறுப்பினராக்கிச் சங்கம் தொடங்கினார். அதுவே பின்னர் 'நான்காம் உலகம்' என்ற பெயரோடு பல நாடுகளுக்குப் பரவிய இயக்கமாயிற்று. தளபதி தெகோலின் சகோதரர் மகள் ழெனவியேவ் 1958-இல் முகாமுக்கு வந்தார். ராவன்ஸ்புருக் நாஜிச் சிறைமுகாமிலிருந்து மீண்டவர் அவர். அங்கே கண்ட முகங்களையே இங்கும் கண்டதாக உணர்ந்த அவர், பிற்காலத்தில் பிரான்சில் இவ்வியக்கத்தின் தலைவியாகப் பல ஆண்டுகள் உழைத்தார்.

முகாமை இடித்து மக்களைக் கலைத்துவிட்டால் தொல்லை தீரும் என்று நினைத்தவர்களோடு சுவாமியவர்கள் ஓயாமல் போராடினார். அவர் சாந்த சொரூபி அல்ல. கோபக்காரர். உடன் உழைத்தவர்களையும் விடாமல் வேலை வாங்குவார். தொண்டர்கள் அன்றன்று கண்டதையும் கேட்டதையும் இரவில் எழுதி வைக்க வேண்டும் என்பது அவர் விதித்த ஒழுங்கு. ஏழைகளின் வாழ்வு எங்காவது பதிவாக வேண்டும் அல்லவா? கடைசியில் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இக்ளூக்கள் மறைந்து, அதே ஊரில் முறையான வீடுகள் கொண்ட குடியிருப்பு எழுந்தது. சாவியைக் கொடுத்துவிட்டுக் கைகழுவும் திட்டமாக அது இருக்கவில்லை. பிள்ளைகளின் கல்வி, உடல்நலம், பெற்றோரின் வேலை ஆகியவற்றுக்குத் துணை நிற்கத் தொண்டர்கள் அங்கேயே இருந்தார்கள்.

1979-இல் பிரான்சின் பொருளாதார சமூக மன்றத்தில் அவர் உறுப்பினரானார். கொடிய வறுமை பற்றி அவர் தயாரித்த அறிக்கையை அம்மன்றம் 1987 பிப்ரவரியில் ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு அக்டோபர் 17-இல், வறுமைக்கு இரையானவர்களின் நினைவாகப் பாரிசின் திரொக்காதெரோ சதுக்கத்தில் ஒரு கல் பதிக்கப்பட்டது. மனிதரை வறுமையில் வாழ விடுவது மனித உரிமையை மீறுவதே என்பது அதில் பொறித்துள்ள வாசகத்தின் கருத்து. நான்கு மாதத்தில், 1988 பிப்ரவரி 14-இல், சுவாமியவர்கள் இறைவனடி சேர்ந்தார். 1992-இல் ஐக்கிய நாடுகள் சபை அக்டோபர் 17-ஐ வறுமை ஒழிப்பு நாளாக அறிவித்தது. 1997-இல் திருத்தந்தை 2-ம் அருள் சின்னப்பர் அந்தக் கல்லின் முன் நின்று செபித்தார்.

நுவாசியில் அந்தச் சிற்றாலயம் மட்டும் இடிக்கப்படாமல் நின்றது. வீடற்றோரின் அன்னை என்று தேவதாய்க்கு அர்ப்பணிக்கப்பட்ட அதனை 2016-இல் பிரெஞ்சு அரசு பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.