சோற்று மூட்டையைக் காத்த சிப்பாய்
கான்சாகிப் வரலாறு

எண்ணூரில் இன்று பெரிய துறைமுகம் இருக்கிறது. கப்பல் கப்பலாக நிலக்கரி வந்து இறங்குகிறது. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் லாரிகளும் சரக்கு ரயில்களும் இரவு பகலாக ஓடுகின்றன.

ஏறக்குறைய 270 ஆண்டுகளுக்கு முன்பு இவை எதுவும் கிடையாது. சென்னைக்கே துறைமுகம் இல்லை. கப்பல்கள் நடுக்கடலில் நிற்கும். படகுக்காரர்கள் அலையை மீறிப் போய்ச் சாமான்களை ஏற்றி வருவார்கள். ஊருக்குள்ளே மாட்டின் முதுகும் மனிதனின் தலையும்தான் வண்டி.

அப்படிப்பட்ட காலத்தில் போர் நடந்தால் படைக்குச் சோறு போடுவது எப்படி?

அந்த வேலையில் பெயர் எடுத்துத்தான் ஒரு சிப்பாய் தளபதி ஆனார். பிறகு மதுரையையே ஆண்டார். கடைசியில் தூக்கில் தொங்கினார். அவர்தான் கான்சாகிப் என்று மக்கள் அழைக்கும் முகமது யூசுப்கான். மருதநாயகம் என்ற பெயராலும் அவரை அறிவோம்.

சிப்பாய் ஆனார்

ராமநாதபுரம் சீமையில் பனையூர் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். வேளாளர் குடும்பத்துப் பிள்ளை என்றும், இளம் வயதில் வீட்டை விட்டு ஓடி, பிறகு இஸ்லாத்தில் சேர்ந்தார் என்றும் சொல்லப்படுகிறது.

பல ஊர்களில் பல வேலைகள் பார்த்தார். தமிழோடு வேறு பல மொழிகளும் பேசக் கற்றுக்கொண்டார். 1752ஆம் ஆண்டுவாக்கில் சில ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஆங்கிலக் கும்பினியின் படையில் சேர்ந்தார். அங்கே ராபர்ட் கிளைவின் கீழ் போர் செய்தார்.

அப்போது ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டி. முகமது அலிக்கு ஆங்கிலேயர் துணை. எதிர்த்தரப்புக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. சண்டையின் நடுவிடம் திருச்சிராப்பள்ளி.

காலியான களஞ்சியம்

1753ஆம் ஆண்டு திருச்சிக் கோட்டையில் இருந்த ஆங்கிலத் தலைவர் களஞ்சியத்தைத் திறந்து பார்த்தார். திடுக்கிட்டார். சில வாரங்களுக்குத்தான் தானியம் இருந்தது. மீதியை நவாபின் உறவினரே விற்றுவிட்டிருந்தார்!

ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்ற தளபதி படையோடு ஓடி வந்தார். ஆனால் படை வந்தால் மட்டும் போதுமா? வந்த படைக்கும் சோறு வேண்டுமே!

ஒரு கணக்குப் பாருங்கள். ஓர் ஆளுக்கு நாளைக்கு அரைப் படி அரிசி என்று வைத்துக்கொள்வோம். 2,000 பேருக்கு 1,000 படி. ஒரு மாதத்துக்கு 30,000 படி. அவ்வளவும் பொதிமாட்டில் வரவேண்டும். அந்த மாடுகளுக்கும் தீனி வேண்டும். வெடிமருந்தும் குண்டும் இதில் சேரவில்லை.

அரிசி கிடைத்த இடங்கள் இரண்டு. ஒன்று தஞ்சாவூர். மற்றொன்று தெற்கே புதுக்கோட்டைத் தொண்டைமானின் நாடு. இடையில் உள்ள வெட்டவெளியில் மைசூர்க் குதிரைப் படையும் மராட்டியக் குதிரைப் படையும் சுற்றிக்கொண்டிருந்தன.

இந்த இடத்தில்தான் யூசுப்கானின் திறமை வெளிப்பட்டது. எந்தக் காட்டில் எந்தப் பாதை போகிறது என்பது அவருக்குத் தெரியும். எதிரி இன்று எங்கே முகாம் போட்டிருக்கிறான் என்பதை ஒற்றர் மூலம் அறிந்துகொள்வார். காட்டின் ஓரத்தில் மூட்டைகளைச் சேர்த்து வைப்பார்கள். இருட்டியதும் மாடுகள் புறப்படும். அவர் வகுத்த வழியில் அரிசி கோட்டைக்கு வந்து சேரும்.

இந்த வேலை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஒரு சான்று. 1754 பிப்ரவரியில் ஒரு பெரிய சாமான் தொடரை எதிரியின் குதிரைப் படை வளைத்துக்கொண்டது. அரிசி போயிற்று, பணம் போயிற்று, காவலுக்கு வந்த வீரர்கள் மாண்டும் பிடிபட்டும் போனார்கள்.

பொய்க் கடிதம்

எதிரிகள் யோசித்தார்கள். யூசுப்கான் இருக்கும்வரை திருச்சிக்குச் சோறு போவதை நிறுத்த முடியாது. ஆகவே அவரைத் தொலைத்துவிட வேண்டும்!

லாரன்சிடம் பொன்னியப்பன் என்ற துபாஷி இருந்தான். தளபதிக்கு மொழிபெயர்த்துச் சொல்வது அவன் வேலை. அவன் இரகசியமாக மைசூர்க்காரர்களுடன் சேர்ந்துகொண்டான். யூசுப்கான் கோட்டையைக் காட்டிக்கொடுக்கச் சம்மதித்ததுபோல் ஒரு பொய்க் கடிதம் தயாராயிற்று. அது ஆங்கிலேயரின் கையில் கிடைக்கும்படி செய்தார்கள்.

யூசுப்கான் காவலில் வைக்கப்பட்டார். உயிர் ஊசலாடியது.

நல்ல காலமாக ஆங்கில அதிகாரிகள் தீர விசாரித்தார்கள். சூழ்ச்சி வெளிப்பட்டது. துபாஷியைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். யூசுப்கான் விடுதலை பெற்றார்.

கும்பினியின் சிப்பாய்கள் அனைவருக்கும் அவர் தலைவரானார். அவருக்குத் தங்கப் பதக்கமும் கிடைத்தது.

சென்னை முற்றுகை

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னை மீது படையெடுத்து வந்தார். கோட்டைக்கு வடக்கே இருந்த கறுப்பர் பட்டணத்தைப் பிடித்துக்கொண்டார். அது இன்றைய உயர்நீதிமன்றம் நிற்கும் பக்கம். அங்கிருந்து கோட்டையின் மீது பீரங்கிக் குண்டுகள் பாய்ந்தன.

கோட்டைக்குள் கவர்னர் பிகட்டும் லாரன்சும் இருந்தார்கள். வெளியே செங்கற்பட்டில் காப்டன் பிரஸ்டன் இருந்தார். தெற்கேயிருந்து யூசுப்கான் தம் சிப்பாய்களுடன் வந்து அவரோடு சேர்ந்தார்.

திருச்சியில் சோற்றைக் காத்தவர் இங்கே எதிரியின் சோற்றைத் தடுத்தார். லாலியின் படைக்கு வேண்டியவை புதுச்சேரியிலிருந்தும் உள்நாட்டிலிருந்தும் வரவேண்டும். அந்தச் சாலைகளில் யூசுப்கானின் ஆட்கள் பாய்ந்தார்கள். விரட்டினால் ஓடுவார்கள், மறுநாள் வேறிடத்தில் வந்து நிற்பார்கள். ஈக்களைப்போல் மொய்க்கிறார்களே என்று லாலி நொந்துகொண்டார்.

இதில் அதிகமாக அடிபட்டவர்கள் குடியானவர்கள். இரண்டு தரப்பாரும் மாட்டையும் தானியத்தையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

1759 பிப்ரவரி 9ஆம் தேதி பரங்கிமலையில் பெரிய சண்டை நடந்தது. பிரெஞ்சுப் படை திரும்பிப் போயிற்று. லாலியின் வீரர்களுக்குச் சம்பளமும் இல்லை. வயிறாரச் சோறும் இல்லை. 16ஆம் தேதி ஆங்கிலக் கப்பல்கள் கடலில் தெரிந்தன. பிரெஞ்சுக்காரர் பீரங்கிகளையும் நோயாளிகளையும் விட்டுவிட்டு இரவோடு இரவாகப் புறப்பட்டார்கள். சென்னை தப்பியது.

மதுரையில் ஆட்சி

யூசுப்கான் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைக் குத்தகைக்கு எடுத்து ஆண்டார். ஏரி குளங்களைச் செப்பனிட்டார். நெசவாளர்களை ஆதரித்தார். கள்ளர் பயத்தை அடக்கினார். கும்பினிக்காகப் பூலித்தேவரோடு போரிட்டவரும் இவரே. அந்தக் கறை அவர் பெயரில் இருக்கிறது.

அவருடைய செல்வாக்கு நவாப் முகமது அலியின் கண்ணை உறுத்தியது. குத்தகைப் பணத்தைத் தன் மூலமாகவே கட்ட வேண்டும் என்றார் நவாப். யூசுப்கான் பணிய மறுத்தார். கும்பினி நவாபின் பக்கம் சாய்ந்தது. 1763இல் ஆங்கிலப் படை மதுரையை வளைத்தது. மழைக்காலம் வந்ததும் திரும்பிப் போயிற்று.

1764இல் மறுபடியும் வந்தது. ஜூன் மாதம் கோட்டை மதிலில் ஏறப் பார்த்தது. யூசுப்கான் அடித்து விரட்டினார். அந்தச் சண்டையில் படுகாயம்பட்டு மாண்டவர்களில் ஒருவர் பிரஸ்டன். ஆம், செங்கற்பட்டில் தோளோடு தோள் நின்ற அதே நண்பர்!

பட்டினி வென்றது

மதிலை உடைக்க முடியாது என்று கண்ட ஆங்கிலேயர் வேறு வழியைப் பிடித்தார்கள். மேஜர் காம்பெல் கோட்டையைச் சுற்றி வழிகளை எல்லாம் அடைத்தார். ஒரு மூட்டை அரிசியும் உள்ளே போகவில்லை.

யூசுப்கானுக்குத் தெரியாத வித்தையா இது? லாலிக்கு அவர் செய்தது அவருக்கே வந்தது. ஆனால் திருச்சியில் வெளியே நட்பு நாடு இருந்தது. காட்டுப் பாதை இருந்தது. சுமந்துவர மாடுகள் இருந்தன. சென்னையிலும் வெளியே ஒரு படை இருந்தது. மதுரைக்கு வெளியே அவருக்கென்று யாரும் இல்லை.

தானியம் தீர்ந்தது. குதிரைகளை அடித்துத் தின்றார்கள். பசித்த வீரர்களின் மனம் மாறியது. பிரெஞ்சு அதிகாரி மார்ச்சாந்தும், திவான் சீனிவாசராவும், இன்னும் சிலரும் சதி செய்தார்கள். அக்டோபர் 13ஆம் தேதி அவர் தொழுகையில் இருந்தபோது மேலே விழுந்து பிடித்தார்கள். அவருடைய தலைப்பாகைத் துணியாலேயே அவரைக் கட்டினார்கள்.

1764 அக்டோபர் 15ஆம் தேதி நவாபின் கட்டளைப்படி அவர் தூக்கிலிடப்பட்டார். இருமுறை கயிறு அறுந்தது என்றும், மூன்றாம் முறைதான் உயிர் பிரிந்தது என்றும் மக்கள் கதை சொல்வார்கள்.

மதுரைச் சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கமான இடம் இருக்கிறது. மதுரையில் கான்சாமேட்டுத் தெரு அவர் பெயரைச் சொல்கிறது.

எத்தனையோ போர்களில் வென்ற அவரைக் குண்டும் வாளும் வீழ்த்தவில்லை. கோட்டைக்குள் அரிசி வராமல் போன சில மாதங்கள் வீழ்த்திவிட்டன.